ராணுவத் திரைப்படங்களும் அரசுக் கொள்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ப் படங்களைப் பற்றி நான் எழுதவும் பேசவும் தொடங்கிய நாளிலிருந்து, படத்தைப் பற்றிய பேச்சு ஓய்ந்த பிறகு அதே சில ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதைக் கேட்டு வருகிறேன். அவற்றை ஒரே இடத்தில் தொகுத்து, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. ராணுவத்துக்கும் திரைத்துறைக்கும் உள்ள உறவு அங்கேதான் விதிகளாகவும் ஒப்பந்தங்களாகவும் நாட்குறிப்புகளாகவும் மிக விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு அரசாங்கம் கொள்கையை மாற்றுவதெல்லாம் நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. தேதியோடு சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவான நிகழ்ச்சி 1983-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் அந்த ஆண்டு ஜூன் 4 அன்று கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் ‘வார் கேம்ஸ்’ படத்தைப் பார்த்தார். பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கணினியிலிருந்து தொலைபேசி வழியாக வான் பாதுகாப்புத் தலைமையகத்தின் கணினிக்குள் தெரியாமல் நுழைந்து, விளையாட்டென்று எண்ணி அணு ஆயுதப் போரின் விளிம்புவரை உலகைக் கொண்டுபோய்விடுவதுதான் கதை. சில நாள் கழித்து, ஏவுகணைகளைப் பற்றி விவாதிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் கூடியிருந்த கூட்டத்தில், ரீகன் அந்தக் கதையை விரிவாகச் சொல்லிவிட்டு, கூட்டுப்படைத் தலைவர்கள் குழுவின் தலைவராக இருந்த ஜெனரல் ஜான் வெஸ்ஸியைப் பார்த்து, இப்படி உண்மையில் நடக்குமா என்று கேட்டார்.

ஒரு வாரம் விசாரித்துவிட்டு வந்த வெஸ்ஸி, நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மிகவும் மோசம் என்று பதில் சொன்னார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வுகள் 1984 செப்டம்பர் 17 அன்று, அரசுக் கணினிகளின் பாதுகாப்பைப் பற்றிய 145-ஆம் எண் தேசியப் பாதுகாப்பு ஆணையில் போய் முடிந்தன. அதே காலத்தில் கணினிக் குற்றங்களைத் தடுக்கும் சட்டத்தைப் பற்றி விவாதித்த நாடாளுமன்றக் குழுவும் தன் அறிக்கையில் இந்தப் படத்தைக் குறிப்பிட்டது. 1986-இல் நிறைவேறிய கணினி மோசடித் தடுப்புச் சட்டம் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

அந்தப் படம் வராமல் இருந்திருந்தாலும் அந்த ஆணை வந்திருக்குமே? படத்துக்கு எதற்கு இவ்வளவு பெருமை?

இந்தக் கேள்விக்குள்தான் விஷயமே இருக்கிறது. வலையமைப்பில் இணைந்த கணினிகளைக் காப்பது கடினம் என்று ரேண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வில்லிஸ் வேர் என்ற பொறியாளர் 1967-லேயே கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார். துறை வல்லுநர்கள் அதைப் படித்தார்கள், ஒப்புக்கொண்டார்கள், ஆனால் முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்கள் யாரும் அதைத் தங்கள் கவலையாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினாறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பின்னாளில் ‘வார் கேம்ஸ்’ திரைக்கதையை எழுதிய இருவர், இப்படி ஒரு சிறுவன் நுழைய முடியுமா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தேடிப் போனதும் அதே வில்லிஸ் வேரிடம்தான். வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்பும் அதிகாரிகள் திறந்து வைத்திருக்கும் தொலைபேசி இணைப்புகள் வழியாக முடியும் என்று அவர் விளக்கினார். எனவே அதிபர் திரையில் பார்த்தது, தன் நாட்டு வல்லுநர் என்றோ எழுதி வைத்திருந்த எச்சரிக்கையைத்தான்.

படம் புதிய அறிவைத் தரவில்லை. ஏற்கெனவே கோப்பில் கிடந்த ஒரு கேள்வி, பதில் கேட்கும் அதிகாரம் உள்ளவரின் வாயிலிருந்து வரும்படி செய்தது. பிற எடுத்துக்காட்டுகளிலும் இதையே காண்கிறேன். கொள்கைக்கான ஆயத்தம் எங்கோ ஒரு மூலையில் இருந்தால்தான் படத்தால் அதை முன்னே தள்ள முடிகிறது. அது இல்லாத இடத்தில் எவ்வளவு உருக்கமான படமும் கண்ணீரோடு நின்றுவிடுகிறது. தள்ளிவிடப்பட்ட பிறகு அந்தக் கொள்கை எந்தப் பக்கம் போகும் என்பதும் படத்தின் கையில் இல்லை. 145-ஆம் ஆணை தேசியப் பாதுகாப்பு முகமைக்கு ராணுவம் சாராத கணினிகள்மீதும் பெரும் அதிகாரம் அளித்தது. உளவு அமைப்பின் கையில் இவ்வளவு கொடுக்கலாமா என்ற எதிர்ப்பு எழுந்து, 1987-இல் வேறொரு சட்டத்தின் வழியாக அந்தப் பொறுப்பு தர நிர்ணய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது.

படம் எடுப்பவர்களுக்கு ராணுவம் போர் விமானம், கப்பல் எல்லாம் ஏன் தருகிறது? சும்மாவா தருகிறார்கள்?

சும்மா தருவதில்லை. பணமாக வாங்குவதைவிட முக்கியமாக வேறொன்றை வாங்குகிறார்கள். 1927-இல் வெளியாகி முதல் ஆஸ்கர் விருதைப் பெற்ற ‘விங்ஸ்’ படத்துக்கே அமெரிக்கத் தரைப்படை விமானங்களையும் வீரர்களையும் கொடுத்து உதவியது. இன்று அது முறையான அலுவலகப் பணி. பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனிலும் ஒவ்வொரு படைப்பிரிவிலும் திரைத்துறைத் தொடர்புக்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள். 1988-இல் வெளியாகி 2015-இல் புதுப்பிக்கப்பட்ட பாதுகாப்புத் துறை விதிமுறை ஒன்று அவர்களுக்கு வழிகாட்டுகிறது.

உதவி கேட்கும் தயாரிப்பாளர் முழுத் திரைக்கதையையும் முதலில் கொடுக்க வேண்டும். படைகளை நம்பத்தக்க வகையில் காட்டுகிறதா, மக்களுக்குப் படைகளைப் பற்றித் தெரிவிக்கிறதா, ஆள்சேர்ப்புக்கு நன்மை செய்யுமா என்று பார்த்து, மாற்ற வேண்டிய காட்சிகளைச் சொல்கிறார்கள். மாற்றங்கள் பேசி முடிந்ததும் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. படப்பிடிப்பில் ராணுவத்தின் பொறுப்பதிகாரி ஒருவர் உடனிருக்கிறார், வெளியாகும் முன் படம் ராணுவத்துக்குப் போட்டுக் காட்டப்படுகிறது. வழக்கமான பயிற்சியோடு சேராத கூடுதல் செலவைத் தயாரிப்பாளர் கட்ட வேண்டும். ஆனால் விமானம் தாங்கிக் கப்பல் ஒன்றை வெளியில் வாடகைக்கு எடுக்க வழியே இல்லை என்பதால், அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதைவிட அந்த அனுமதி யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் படத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. கட்டணமும் எப்போதும் நியாயமாக இருந்ததில்லை. வியட்நாம் போரை ஆதரித்து ஜான் வெய்ன் 1968-இல் கொண்டுவந்த ‘தி கிரீன் பெரேஸ்’ படத்துக்கு, படைமுகாமையும் ஹெலிகாப்டர்களையும் தந்துவிட்டு ராணுவம் வசூலித்தது 18,000 டாலருக்குச் சற்றே கூடுதலான தொகை மட்டுமே என்று நியூயார்க் நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் ரோசன்தால் கேள்வி எழுப்பினார். அந்தப் படத்தை எடுக்க உதவி கேட்டு வெய்ன் நேரே அதிபர் ஜான்சனுக்கே கடிதம் எழுதியிருந்தார்.

கதை பிடிக்காவிட்டால் என்ன செய்வார்கள்? படத்தைத் தடை செய்துவிடுவார்களா?

தடை செய்ய அமெரிக்க ராணுவத்துக்கு அதிகாரம் கிடையாது. உதவி தர மறுக்கலாம், அவ்வளவுதான். வியட்நாம் போரைப் பற்றிய ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்துக்கு மறுத்தபோது அதன் இயக்குநர் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸின் படையிடமிருந்து ஹெலிகாப்டர்களைப் பெற்றார்; அவை உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு போரிடுவதற்காகப் படப்பிடிப்பின் நடுவிலேயே திரும்ப அழைக்கப்பட்டதும் உண்டு. அதே போரைப் பற்றிய ‘பிளட்டூன்’ படத்துக்கும் உதவி மறுக்கப்பட்டது. அதுவும் பிலிப்பைன்ஸில்தான் எடுக்கப்பட்டது. கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றிய ‘தர்ட்டீன் டேஸ்’ படத்தில் விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே காட்டப்பட்ட விதம் பிடிக்காமல் பென்டகன் விலகிக்கொண்டது.

இந்தப் பட்டியலைப் பார்த்து, மறுத்தாலும் நல்ல படங்கள் வந்துவிடுகின்றனவே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. மேற்சொன்னவை, மறுப்பைத் தாண்டிவரும் வலுவுள்ளவர்கள் எடுத்த படங்கள். மறுப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, எழுதும்போதே மென்மையாக்கப்பட்ட காட்சிகளையும், தொடங்காமலே கைவிடப்பட்ட கதைகளையும் யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. போர் என்றால் என்ன என்று மக்கள் மனத்தில் பதியும் சித்திரம் இப்படிச் சல்லடையில் சலித்து வருவதுதான், ஒரு தனிப் படம் ஓர் ஆணையை வரவழைப்பதைவிடப் பெரிய செல்வாக்கு என்று கருதுகிறேன்.

‘டாப் கன்’ வந்ததும் கடற்படையில் சேர்ந்தவர்கள் ஐந்து மடங்கானார்கள் என்கிறார்களே?

கடற்படைப் போர் விமானிகளைப் பற்றிய அந்தப் படம் 1986-இல் ஓடிய திரையரங்குகள் சிலவற்றின் வாசலில் கடற்படை ஆள்சேர்ப்பு அலுவலர்கள் மேசை போட்டு அமர்ந்திருந்தார்கள், ஆர்வம் பெருகியதாகவும் சொன்னார்கள், அது உண்மை. ஐந்து மடங்கு என்ற எண்ணை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அமெரிக்கப் படைகளின் ஆள்பலத்துக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றம் வரம்பு விதிக்கிறது. எவ்வளவு பேர் ஆசைப்பட்டாலும் கடற்படையால் ஒரே ஆண்டில் ஐந்து மடங்கு ஆட்களைச் சேர்த்துக்கொள்ள இயலாது. விசாரிக்க வந்தவர்களின் எண்ணிக்கை வேறு, சேர்ந்தவர்களின் எண்ணிக்கை வேறு.

அணுகுண்டுப் படம் ஒன்றைப் பார்த்துத்தான் ரீகன் மனம் மாறி ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டார் என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. ‘தி டே ஆஃப்டர்’ என்ற தொலைக்காட்சிப் படம் கான்சஸ் மாநிலத்து மக்கள் அணு ஆயுதத் தாக்குதலுக்குப் பிறகு படும் பாட்டைக் காட்டியது. 1983 நவம்பர் 20 அன்று ஒளிபரப்பானபோது ஏறத்தாழ 10 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். ரீகன் அதை அக்டோபர் 10 அன்றே பார்த்துவிட்டு, படம் மிகவும் வலுவாக இருந்ததாகவும் தன்னைப் பெரும் சோர்வில் ஆழ்த்தியதாகவும் நாட்குறிப்பில் எழுதினார். இதுவரைதான் பெரும்பாலோர் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே நாட்குறிப்பில், எதிரியை அச்சுறுத்தித் தடுக்கும் ஆயுத வலிமைக்காக நம்மால் ஆனதையெல்லாம் செய்ய வேண்டும், அணு ஆயுதப் போர் ஒருபோதும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. படத்தைப் பார்த்துத் துயருற்ற மனிதர் அதிலிருந்து தன் பழைய கொள்கைக்கும் ஆதரவு எடுத்துக்கொண்டார்.

ஒளிபரப்பாகி மூன்றே நாளில், நவம்பர் 23 அன்று, ஏற்கெனவே திட்டமிட்டபடி அமெரிக்காவின் பெர்ஷிங்-2 அணு ஏவுகணைகள் மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தன. நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 டிசம்பரில். அந்த நான்கு ஆண்டுகளுக்குள் சோவியத் தலைவராகக் கோர்பசேவ் பதவிக்கு வந்தது உட்படப் பெரிய மாற்றங்கள் நடந்தன. ரீகனின் மனத்தில் அந்தப் படம் தங்கியிருந்தது என்று சொல்லலாம். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது அந்தப் படம் என்று சொல்ல இடமில்லை.

நல்லது நடந்ததற்கு, யாரும் மறுக்க முடியாத எடுத்துக்காட்டு ஒன்று சொல்லுங்கள்.

பிரான்ஸைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸை விடுவிக்கப் போரிட்டவர்களில் வட ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் சேர்ந்த குடியேற்ற நாட்டு வீரர்கள் ஏராளம். அந்த நாடுகள் விடுதலை அடையத் தொடங்கியபோது, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுடைய ஓய்வூதியம் அன்றைய அளவிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. பிரெஞ்சு வீரரின் ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறிக்கொண்டே போக, அதே பதுங்குகுழியில் அவர் பக்கத்தில் நின்ற அல்ஜீரியருக்கோ செனகல்காரருக்கோ வந்துகொண்டிருந்தது ஒரு சிறு பகுதிதான். ரஷீத் பூஷாரெப் இயக்கிய ‘ஆந்திழேன்’ என்ற படம் இந்த வீரர்களின் கதையைச் சொன்னது. அதிபர் ஜாக் சிராக் முன்காட்சியில் அதைப் பார்த்தார். படம் திரைக்கு வந்த 2006 செப்டம்பர் 27 அன்றே, அந்த ஓய்வூதியங்களைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 80,000 முதியவர்கள் பயனடைந்தார்கள். பிழைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அது எவ்வளவு காலம் கடந்து வந்தது என்பதை நினைக்காமல் என்னால் இந்தச் செய்தியை எழுத முடிவதில்லை.

இங்கும் இரண்டாம் கேள்விக்குச் சொன்ன பதில் பொருந்துகிறது. இந்தப் பாகுபாடு செல்லாது என்று பிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2001-லேயே தீர்ப்பளித்திருந்தது. அரசு அதை அரைமனத்தோடுதான் நிறைவேற்றியிருந்தது. 2006-இல் சமன்செய்யப்பட்டவையும் போர் வீரர் ஓய்வூதியம், ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்ற இரண்டு வகைகள் மட்டுமே. படைப்பணி ஓய்வூதியத்தில் எஞ்சிய வேறுபாடு நீங்க, அரசியலமைப்பு மன்றம் 2010 மே 28 அன்று அளித்த தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆவணப்படத்துக்கும் இத்தகைய வலு உண்டு. அமெரிக்கப் படைகளுக்குள் நடந்த பாலியல் வன்முறைகளைப் பற்றிய ‘தி இன்விசிபிள் வார்’ படத்தைப் பாதுகாப்புச் செயலர் லியோன் பனெட்டா 2012 ஏப்ரலில் பார்த்தார். இரண்டு நாளில், இத்தகைய புகார்களில் முதல் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழ்மட்டத் தளபதிகளிடமிருந்து கர்னல் நிலைக்கு உயர்த்தினார். அந்த அதிகாரத்தைத் தளபதிகளிடமிருந்து முற்றிலும் எடுத்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுக்கும் சட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது.

படத்தால் தவறான வழியில் போன கொள்கையும் உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். வியட்நாமில் அமெரிக்கக் கைதிகள் இன்னும் உயிரோடு அடைபட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை 1980-களின் பல படங்கள் வளர்த்தன. அவற்றுள் பெரியது 1985-இல் வந்த இரண்டாவது ‘ராம்போ’. பெய்ரூட்டில் கடத்தப்பட்ட விமானத்தின் பணயக் கைதிகள் விடுவிக்கப்பட்ட அன்று, ஒலிவாங்கியைச் சோதிக்கும்போது ரீகன், நேற்றிரவு ‘ராம்போ’ பார்த்தேன், அடுத்த முறை என்ன செய்வதென்று தெரிந்துகொண்டேன் என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. காணாமல்போன மகன்களுக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தப் படங்கள் கொடுத்த நம்பிக்கை கொடுமையானது. ஜான் கெர்ரி தலைமையிலான செனட் குழு, யாரும் உயிரோடு சிறையில் இருப்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 1993-இல் அறிவித்தது. வியட்நாம்மீது அமெரிக்கா விதித்திருந்த வணிகத் தடை 1994-இலும், தூதரக உறவின்மை 1995-இலும்தான் முடிவுக்கு வந்தன. இந்தத் தாமதத்துக்குத் திரைப்படங்களை மட்டும் பொறுப்பாக்க முடியாது. ஆனால் உறவைச் சீராக்க முனைந்த ஒவ்வொரு அரசியல்வாதியும் அந்தப் படங்கள் வளர்த்த சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதிபர் நிக்சன் 1970 ஏப்ரலில், இரண்டாம் உலகப் போர்த் தளபதி ஒருவரைப் பற்றிய ‘பேட்டன்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கம்போடியாவுக்குள் படையை அனுப்பினார் என்ற செய்தியையும் பலர் கேட்கிறார்கள். பார்த்தது உண்மை, ஏப்ரல் 30 அன்று படையெடுப்பை அறிவித்ததும் உண்மை. ஆனால் கம்போடியாமீது ரகசியக் குண்டுவீச்சு 1969 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது.

சித்திரவதை செய்தால் உண்மை வரும் என்று படங்களில் காட்டுகிறார்களே, அதை நிஜ ராணுவத்தினர் நம்புவார்களா என்ன?

நம்புகிறார்கள் என்ற கவலை ராணுவத்துக்குள்ளிருந்தே வந்தது. ‘24’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நாயகன் கைதியை வதைத்தால் நிமிடங்களில் உண்மை கிடைத்துவிடும். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் கல்விப் புலத் தலைவராக இருந்த பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், அனுபவமுள்ள விசாரணை அதிகாரிகளோடு 2006 நவம்பரில் அந்தத் தொடரின் தயாரிப்புக் குழுவை நேரில் சந்தித்தார். போர்ச் சட்டத்தைக் கற்பிக்கும் வகுப்பில், இது தவறு, பலனும் தராது என்று சொன்னால், மாணவர்கள் தொடரைச் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பது அவருடைய குறை. பின்னாளில் போர்க்களத்தில் விதிகளை நிறைவேற்றப்போகிற இளைஞர்கள் அவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

பின்லேடன் தேடலைப் பற்றிய ‘ஜீரோ டார்க் தர்ட்டி’ 2012 டிசம்பரில் வந்தபோது, ஃபைன்ஸ்டைன், லெவின், மெக்கெய்ன் ஆகிய மூன்று செனட்டர்கள், வதையால் துப்புக் கிடைத்ததாகக் காட்டுவது மிகத் தவறானது என்று படத்தை வெளியிட்ட நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதே மாதம் செனட் குழு, சி.ஐ.ஏ. உளவு அமைப்பின் விசாரணை முறைகளைப் பற்றிய 6,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட தன் அறிக்கையை ஏற்றது. அறிக்கை ரகசியம், படம் எல்லோருக்கும் திறந்தது. அறிக்கையின் சுருக்கம் மக்கள் கைக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

சகோதரர்கள் இறந்துவிட்டால் எஞ்சிய ஒரு மகனைப் போரிலிருந்து திருப்பி அனுப்பும் விதி ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தால் வந்ததா?

இல்லை. அந்தப் படம் 1998-இல் வந்தது. விதியின் தொடக்கம் 1948-ஆம் ஆண்டின் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தில் இருக்கிறது. சல்லிவன் குடும்பத்தின் ஐந்து சகோதரர்களும் ‘ஜூனோ’ என்ற போர்க்கப்பல் 1942 நவம்பரில் மூழ்கியபோது இறந்தது போன்ற இழப்புகளே அதற்குப் பின்னணி.

வேறொரு நாட்டு அரசுக்குப் பிடிக்காது என்று ராணுவப் படத்தை மாற்றுவதும் உண்டா?

உண்டு. அதிலிருந்து ஒரு சட்டமே பிறந்தது. ‘டாப் கன்’ நாயகனின் தோல் மேலங்கியின் முதுகில், பழைய கடற்படைப் பயணம் ஒன்றின் நினைவுச் சின்னம் தைக்கப்பட்டிருக்கும். அதில் ஜப்பான் கொடியும் தைவான் கொடியும் உண்டு. இரண்டாம் படத்தின் முன்னோட்டம் 2019-இல் வெளியானபோது, அந்த இரண்டு கொடிகளின் இடத்தில் வேறு வடிவங்கள் இருப்பதைப் பார்வையாளர்கள் கவனித்தார்கள். சீனச் சந்தைக்காக அஞ்சிவிட்டார்கள் என்று கடும் விமர்சனம் எழுந்தது. 2022-இல் படம் வந்தபோது கொடிகள் திரும்பியிருந்தன. அமெரிக்கக் கடற்படையின் கப்பலிலும் விமானத்திலும் எடுக்கப்பட்ட படம் என்பதால் சினம் இரட்டிப்பாயிற்று.

அந்த ஆண்டு இறுதியில் நிறைவேறிய 2023-ஆம் நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 1257-ஆம் பிரிவு, சீன அரசின் கோரிக்கைக்கு இணங்கப் படத்தை மாற்றும் தயாரிப்புகளுக்குப் பாதுகாப்புத் துறை உதவக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. வேறொரு அரசுக்காகக் காட்சியை மாற்றுவது தவறென்றால், தன் அரசுக்காக மாற்றுவதைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றாம் கேள்வியில் சொன்ன நடைமுறையை அந்தச் சட்டம் தொடவில்லை.

அரசே மறைத்து வைத்த போர்ப் படங்கள் உண்டா? மறைத்ததால் கொள்கைக்கு ஏதாவது நேர்ந்ததா?

பிரிட்டனில் அணு ஆயுதத் தாக்குதல் நடந்தால் என்ன ஆகும் என்று காட்டிய ‘தி வார் கேம்’ படத்தை பிபிசி 1965-இல் எடுத்தது. அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டிய பிறகு, ஒளிபரப்புக்குத் தகாத அளவு கொடூரமானது என்று நிறுத்திவைத்தது. திரையரங்குகளில் மட்டும் காட்டப்பட்டு, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்ற அந்தப் படம் பிரிட்டன் தொலைக்காட்சியில் வந்தது 1985-இல்தான். அந்த இருபது ஆண்டுகளிலும் அணு ஆயுதங்களைப் பற்றிய விவாதம் அந்நாட்டில் நடந்துகொண்டேதான் இருந்தது. விவாதித்த வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டியில் அந்தப் படம் மட்டும் வரவில்லை.

இன்னொன்று எனக்கு அதைவிட வலிக்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய வீரர்களின் சிகிச்சையை, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த ராணுவ மருத்துவமனையில் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் படமாக்கினார். எடுக்கச் சொன்னது ராணுவமேதான். போரில் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் மனம் தொடர்பான பாதிப்புக்கு ஆளானவர்கள் என்று அந்தப் படம் தொடக்கத்திலேயே சொல்கிறது. பேச முடியாமல் திக்கும் ஒருவர், நடக்க முடியாத ஒருவர், வீட்டிலிருந்து வந்த புகைப்படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி அழுதுவிடும் ஒருவர் என்று முகங்கள் அண்மையில் வருகின்றன. கறுப்பின வீரரும் வெள்ளை வீரரும் ஒரே அறையில் சிகிச்சை பெறுகிறார்கள். 1946-இல் படம் முடிந்ததும், நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ராணுவம் அதை எடுத்து வைத்துக்கொண்டது. பொதுமக்களுக்குக் காட்ட 1980 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. போர் தரும் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில், வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் விடாத வற்புறுத்தலால், தனிப் பெயரோடு இடம் கிடைத்ததும் அதே 1980-இல்தான். ஹூஸ்டனின் படத்தில் அழுத இளைஞர்கள் அப்போது ஐம்பது, அறுபது வயதைத் தொட்டிருந்தார்கள்.